மூன்றேகால்

என் கையில் தந்தது ஒரு பதிவேடு.
டொக்யாட் தடுப்பறை, நாற்பத்தொரு நாள்.
சிங்களத்திலிருந்து தமிழுக்கு,
பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.

கால் மணிக்கு ஒருக்கால் காவலாளி கேட்கிறான்:
சனீபத?
உள்ளே இருப்பவன் சொல்லவேண்டும்:
சனீபய்.
நேரம், கேள்வி, பதில், கையொப்பம்.
நாளொன்றுக்குத் தொண்ணூற்றாறு தரம்,
வெளிச்சம் அணையாத அறையில்.

சுகமா என்றுதான் பொருள்.
ஆனால் அந்தச் சொல்லில் என் காதுக்கு
முதலில் கேட்பது சனி.
ஐம்பத்து மூன்று வயதாகியும் அது போகவில்லை.

சுகமா, சுகம் என்று எழுதிக்கொண்டு போனேன்.
நாலாம் பக்கத்தில் நலமா, நலம் என்று மாற்றிப் பார்த்தேன்.
முன்பெல்லாம் கட்டாரிலிருந்து மச்சான் எழுதும்
நலம், நலமறிய ஆவல் போல இருந்தது.
திரும்பவும் சுகத்துக்கே வந்தேன்.

திலின ஹேவகே. வயது இருபத்தாறு. கடற்படை.
ரோந்துப் படகின் லொக் புத்தகத்தில் பதினொரு தாளை
வெளியே கொடுத்தான் என்பது குற்றச்சாட்டு.
வழக்கு இன்னும் தொடங்கவில்லை.
தாளில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது.
தெரியவும் கூடாது.

அந்தச் சீருடைதான் ஒருகாலம்
மட்டிக்களிச் சந்தியில்
என் அடையாள அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்து
வாசித்தது.
அப்போது இவன் பால்குடி.
இதை எனக்கு நானே
இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

விசாரணை உவர்மலையில், காற்றாடி ஓடாத ஓர் அறையில்.
லெப்டினன்ட் கொமாண்டர் அபேரத்ன சொன்னார்:
போர்வையை எடுத்தது அவன் உயிரைக் காக்க.
சாரத்தை எடுத்ததும் அதற்கே.
வெளிச்சமும் அதற்கே.
சட்டத்தரணி எழும்பினார்:
தேவையில்லையென்று மனநல வைத்தியர்
இரண்டு தரம் எழுதியிருக்கிறார்,
இரண்டு துண்டும் கோப்பின் கடைசியில் கிடக்கின்றன.
காக்கிறோம் என்றார் இவர்.
காவலில் வதைக்கிறீர்கள் என்றார் அவர்.
தமிழில் இரண்டுக்கும் வேர் ஒன்று,
நான் என்ன செய்ய.

விசாரணை அதிகாரி ஜெஸீமா, கிண்ணியாக்காரர்,
பதிவேட்டைப் புரட்டி ஓரிடத்தில் விரல் வைத்தார்.
பத்தொன்பதாம் நாள், விடியப்புறம் மூன்றேகால்.
கேள்வி இருக்கிறது. பதிலின் கட்டம் வெறுமை.
பேனாவில் மை முடிந்திருக்கும் என்றார் அபேரத்ன.
மூன்றரைக்கு அதே பேனா, அதே நீலம்.

ஹேவகேயைக் கேட்டார்கள்.
மேசை விளிம்பைப் பார்த்தபடி சொன்னான்,
நான் பின்னாலேயே தமிழில் சொன்னேன்:
"அன்றைக்கு நான் சுகம் என்று சொல்லவில்லை.
உனக்குச் சுகமா என்று கேட்டேன்.
அவன் எழுதப் போனான்,
அதற்குக் கட்டம் இல்லை.
கொஞ்சநேரம் பேனாவோடு நின்றான்.
அடுத்த நாளிலிருந்து வேறு ஆள்."

ஒருவரும் பேசவில்லை. கீழே வீதியில்
லொறியிலிருந்து கோவா இலையை இழுத்த மானுக்கு
யாரோ ஹோர்ன் அடித்தார்கள்,
அது அசையவில்லைப் போல, திரும்பவும் அடித்தார்கள்.
பதிவு செய்யுங்கள் என்றார் ஜெஸீமா.
ஆட்சேபிக்கிறேன் என்றார் அபேரத்ன.
இரண்டையும் எழுதினேன்.
முடிவு வர மாதக்கணக்காகும்.
அவனை அந்த அறைக்கே கொண்டுபோனார்கள்.

என் பில் நேற்றுத் திரும்பி வந்தது.
கணக்காளர் புனிதசீலன் சிவப்பில் குறித்திருக்கிறார்:
ஒரே வரி நாலாயிரம் தரத்துக்குக் கிட்ட வருகிறது,
ஒருக்கால் மொழிபெயர்த்ததாகவே கொள்ளப்படும்.
வேறுபடும் வரிகள், மொத்தம்: இரண்டு.

சுகம் ஒன்று.
மற்றது மூன்றேகால்.